மலையை மறந்த காபரேட்டர்

1

மஹய்யாவ வாசிகசாலைப் பிள்ளைகளுக்கு,

வெளிநாட்டில் இருக்கும் அப்பாமார், அம்மாமார் எல்லோரும் பிள்ளைகள் வாசிக்கும்படி ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி உங்கள் வாசிகசாலை டீச்சர் கேட்டிருந்தார். அறையில் என்னோடு இருப்பவர்கள், ஒட்டகம் பற்றி எழுது, பெரிய கட்டடங்கள் பற்றி எழுது, பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்றார்கள். ஒட்டகத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போகும்போது பார்த்திருக்கிறேன். கட்டடங்களை வெளியே நின்று பார்த்ததோடு சரி. எனக்குத் தெரிந்தது காபரேட்டர். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் டீச்சர் திருத்திவிடட்டும்.

அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று உங்களில் சிலர் வீட்டில் கேட்பது எனக்குத் தெரியும். எல்லா அப்பாமாருக்கும் சேர்த்து என்னால் பதில் சொல்ல முடியாது. நான் ஏன் வரவில்லை என்று மட்டும் சொல்ல முடியும். அதற்கு ஒரு பழைய பிக்அப் வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது ஓர் அரபு நாட்டில். வேலை ஒரு கராஜில். இங்கே வசதியான சிலருக்குப் பழைய அமெரிக்கப் பிக்அப் என்றால் உயிர். தகப்பன் காலத்து வண்டியைத் தேடிப் பிடித்து, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரை ரோட்டில் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். பாரம் ஏற்றவே மாட்டார்கள். பின்தட்டில் ஒரு கீறல் விழுந்தால் முகம் கறுத்துப் போகும். அந்த வண்டிகளுக்குப் பொருத்தமான காபரேட்டரைத் தெரிவுசெய்து பூட்டிக் கொடுப்பது என் வேலை. இன்றைய கார்களில் அது கிடையாது. கம்ப்யூட்டர்தான் பெற்றோலை அளந்து கொடுக்கிறது. காபரேட்டர் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டதால் முதலாளி என்னை மரியாதையாக வைத்திருக்கிறார். என் பாஸ்போர்ட்டையும் தன் மேசை லாச்சியில் மரியாதையாகவே வைத்திருக்கிறார்.

காபரேட்டர் என்பது எஞ்சினுக்கு ஊட்டிவிடும் கை. பெற்றோலை மட்டும் கொடுத்தால் எஞ்சின் விக்கும். காற்றை மட்டும் கொடுத்தால் பட்டினி கிடக்கும். அம்மா சோற்றையும் குழம்பையும் அளவாகப் பிசைகிற மாதிரி இரண்டையும் கலந்து கொடுக்க வேண்டும். காபரேட்டரின் ஒரு பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை அளவில் ஒரு கிண்ணம் இருக்கும். பெற்றோல் அதில்தான் தேங்கி நிற்கும். கிண்ணத்தின் அடியில், எஞ்சினின் வாய் இருக்கிற பக்கமாக, ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. எஞ்சின் அந்த ஓட்டை வழியாகத்தான் உறிஞ்சிக் குடிக்கிறது. இந்தக் கிண்ணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

2

எங்கள் பிக்அப்பை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். நீல நிறம், ஜப்பான் வண்டி, கிட்டத்தட்ட என் வயது அதற்கும். கதவில் வெள்ளைப் பூ ஒட்டியிருக்கும். ஒட்டியது என் சின்ன மகள் சுமி. பூவுக்குக் கீழே துரு தின்ற ஓட்டை இருக்கிறது.

ஒரு லீவில் வந்தபோது அதை வாங்கினேன். திட்டம் லேசானது. காலையில் மலைமேல் கலஹாப் பக்கத்துக் கடைகளுக்கு மா மூட்டை, சீனி மூட்டை ஏற்றிப் போவது. திரும்பும்போது தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போட்டிருக்கும் போஞ்சி, லீக்ஸ், கோவா என்று மரக்கறி எல்லாவற்றையும் எடுத்துக் கண்டி மார்க்கட்டுக்குக் கொண்டுவருவது. வண்டி ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் நான் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து ஓட்டுவது. அதுவரை சம்பளத்துக்கு ஒரு ட்ரைவர்.

அந்த ட்ரைவர் கொஞ்ச நாளில் கொழும்புக்குப் போய்விட்டார். பிக்அப் வீட்டுக்குக் கீழே ரோட்டோரத்தில் நின்றது. என் மூத்த மகள் செல்வி அப்போது ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தாள். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கிற வேலை. ஒருநாள் போனில் சொன்னாள்:

"அப்பா, நான் வண்டி ஓட்டுறேன்."

"பைத்தியமா? கலஹா ரோட்டுலயா? பொம்பளப் பிள்ள தனியாவா?"

"அங்க நாள் முழுக்க நிக்கிறேன். இது ஒக்காந்துக்கிட்டு செய்ற வேலதான?"

பின்னால் என் மனைவி மகேஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறார்கள் என்று புரிந்தது. தூரத்தில் இருக்கிறவனிடம் எல்லாவற்றையும் கேட்பார்கள். முடிவெடுத்த பிறகு கேட்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

செல்வி நன்றாக ஓட்டினாள். வண்டிதான் ஓடவில்லை. அரைப் பாரம் ஏற்றினாலே மேட்டில் இழுத்து இழுத்து மூச்சு வாங்கும். பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடித்தே கொன்றுவிடும். என் ஒப்பந்தம் முடியச் சில மாதங்கள் இருந்தன. புதுப்பிப்பதா, ஊருக்குப் போவதா என்று அதற்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். முழுப் பாரத்தோடு இந்த வண்டி மலை ஏறினால் நான் ஊருக்கு வரலாம், ஏறாவிட்டால் வர முடியாது. என் கணக்கு அவ்வளவுதான். ஊர் கராஜ் ஒன்றில் வேலை தேடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஊரிலும் இப்போது கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள்தான். என் கைவேலைக்கு மரியாதை இருப்பது இந்தப் பணக்காரர்களின் பழைய வண்டிகளுக்குள் மட்டும்தான்.

ஆகவே அந்த வண்டிக்குள்ளேயே என் வழியைத் தேடினேன்.

3

இங்கிருந்து ஒரு காபரேட்டர் அனுப்பினேன். காற்று இழுக்கிற வாய் இரண்டு உள்ளது, பளபளவென்று இருக்கும். துவாயில் சுற்றி, கார்கோ பெட்டியில் பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் வைத்தேன். கார்கோ பெட்டி வந்தால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஆட்கள் சும்மா வந்ததுபோல் வந்து நிற்பார்கள். மகேஸ் பெட்டியைத் திறக்கும்போது நானும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாங்க இது? சவுக்காரத்துக்கு நடுவுல இரும்புக் குரங்கு மாதிரி?"

"அதுதான் நான் வீட்டுக்கு வாற வழி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பூட்டியவர் நஸீர் நானா. கட்டுகஸ்தோட்டை ரோட்டில் அவருக்குச் சின்ன கராஜ். பெரும்பாலும் த்ரீவீல் வேலைதான். நான் வீடியோவில் பார்க்கும்படி போனை ரேடியேட்டருக்கு மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்தார். கிண்ணம் வண்டியின் முன்பக்கம் பார்க்கும்படி வைத்தால் எக்ஸலேட்டர் கேபிள் எட்டவில்லை.

"திருப்பிப் போடுங்க நானா. கிண்ணம் பின்னுக்குப் போகட்டும்."

"அப்பிடிப் போட்டாச் சரி வருமா?"

"இங்க எப்பிடிப் போட்டாலும் ஓடுது நானா."

"சரி, வெளிநாட்டு டொக்டர் சொல்றாரு. நமக்குச் சொல்ல என்ன ஈக்கு?" என்று சொல்லித் திருப்பிப் பூட்டினார்.

சமதரையான பேராதனை ரோட்டில் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியதாம். "பறக்குதுப்பா" என்றாள் செல்வி. அன்றைக்கு அறையில் எல்லோருக்கும் நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். பெட்டி கட்டுவது எப்போது என்று மனதுக்குள் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் மா மூட்டைகளோடு கலஹாவுக்குப் போனாள். பாடசாலை விடுமுறை என்பதால் சுமியும் பக்கத்தில். தேயிலைக்கு நடுவில் ஒரு கொண்டை வளைவு. அதில் மூக்கைத் தூக்கியதும் எஞ்சின் செத்தது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. செல்வி ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கியரில் போட்டு நிறுத்திவிட்டாள். சுமி அழுதாள். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் ஓடிவந்து சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தார்கள்.

"யாருடி இந்த வண்டிக்கு வைத்தியம் பாத்தது?"

"எங்கப்பா."

"அவரு எங்க?"

"வெளிநாட்டுல."

"அதான பாத்தேன்!"

நான் ஒருவருடைய பிக்அப்புக்குக் கீழே படுத்திருந்தபோது செல்வியின் போன் வந்தது. நிதானமாகத்தான் சொன்னாள்:

"மூக்கு மேல பாத்தா செத்துப்போவுதுப்பா. கொஞ்சம் பின்னுக்கு உருட்டி, வண்டியத் திருப்பி, மூக்கு கீழ பாத்தாப்ல நிப்பாட்டினா ஸ்டார்ட் ஆவுது."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கும். ஒரு கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் தாழ்ந்த பக்கம் போகும். கிண்ணம் பின்பக்கம் இருக்கும்போது, குடிக்கிற ஓட்டை அதன் முன்பக்கத்தில் வரும். வண்டி மேடு ஏறினால் பெற்றோல் முழுவதும் பின்னால் ஓடிவிடும். ஓட்டைக்குக் காற்றுதான் கிடைக்கும். சமதரையில் இது தெரியவே தெரியாது.

நான் இருக்கும் நாட்டில் மேடு என்றால் பாலம்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிற ஊரில் பிறந்துவிட்டு, கண்டியில் ஓடும் வண்டிக்கு இந்த நாட்டில் இருந்தபடி மருந்து எழுதியிருக்கிறேன்.

"அப்பா, இப்ப நான் என்னா செய்ய?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "பொறுங்க. மூக்கு கீழ பாத்தா ஓடுதுல்ல? அப்பிடியே ரிவர்ஸ்ல ஏறுறேன்."

அப்படியே ஏறினாள். சுமியை இறக்கி அந்தப் பெண்களோடு நடக்கவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, மிச்ச ஏற்றம் முழுவதையும் பின்பக்கமாகவே ஏறிக் கடைவாசலில் மா மூட்டையை இறக்கினாள். "வண்டி கோவிச்சுக்கிட்டுப் போவுது பாரு!" என்று பெண்கள் கத்தியது எனக்குப் போனில் கேட்டது. அன்று முதல் கலஹாவில் அவளுக்குப் பெயர் ரிவர்ஸ் அக்கா.

அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் அந்தப் பிக்அப்புக்குக் கீழேயே வெகுநேரம் படுத்திருந்தேன். வண்டி நிற்காமல் உருண்டிருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

4

லீவு கேட்டேன். லாச்சி திறந்தது. பாஸ்போர்ட் வெளியே வந்தது.

வீட்டுப் படியேறியபோது சுமி கதவில் நின்றாள். போனில் என்னோடு கதைக்கிற பிள்ளை, நேரில் கண்டதும் தாயின் பின்னால் போய்விட்டாள். சாப்பிட்டு முடிந்த பிறகு மெதுவாக வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, நீங்க எப்ப போவீங்க?"

மகேஸ் அதட்டினாள். அவளை ஏசாதே என்றேன். பிள்ளையின் கேள்வியில் பிழையில்லை. நான் வந்ததைவிடப் போனதையே அவள் அதிகம் கண்டிருக்கிறாள்.

என் வாயும் அரபுக்கு மாறிவிட்டது. கடையில் சாமான் வாங்கி முடிந்ததும் "கலாஸ்" என்கிறேன். பஸ்ஸில் இறங்க "யல்லா" என்கிறேன். "அண்ணே எந்த நாட்டுல?" என்று கேட்கிறார்கள். இந்த நாடுதான் என்று சொல்லத் தோன்றும். சிரித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

அந்த லீவில் நான் செய்ய நினைத்த பெரிய வேலை எஞ்சின் மாற்றுவது. ஒரு வேனிலிருந்து கழற்றிய பெரிய எஞ்சின் நஸீர் நானாவின் கராஜ் மூலையில், பழைய டயருக்கு மேல், சாக்குப் போர்த்தி இருந்தது. போனிலேயே பேசி எனக்காக எடுத்து வைத்தது. அதைப் போட்டால் வண்டி முழுப் பாரத்தோடு ஏறும். காலையில் ஒரு நடை, பின்னேரம் ஒரு நடை போகலாம்.

ஆனால் எஞ்சினை மாற்றினால் அதன் இலக்கத்தை வண்டியின் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டும். அதற்காகச் செல்வியும் நானும் வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். டோக்கன் எடுத்துக் கதிரையில் இருந்தோம். முறை வந்ததும் கவுண்டரில் இருந்த அதிகாரி மாத்தயா சிங்களத்தில் கேட்டார். என் சிங்களம் துருப்பிடித்திருந்தது. பாதியில் அரபு கலந்துவிட்டது. அவர் என்னை விட்டுவிட்டுச் செல்வியைப் பார்த்து, "நங்கி, நீங்களே சொல்லுங்க" என்றார். அதன்பின் இருவரும் மளமளவென்று கதைத்தார்கள். நான் வண்டியின் சொந்தக்காரன் என்ற பெயரில் பக்கத்தில் நின்றேன்.

மாத்தயா நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடதாசி வேண்டும். வண்டியைக் கொண்டுபோய்ப் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சொந்தக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் முடிந்து புத்தகம் கைக்கு வரும்வரை வண்டி ரோட்டில் ஓடக் கூடாது.

"எவ்வளவு நாளாகும்?" என்று செல்வி கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்பாட லீவு எவ்வளவு நாள்?"

சொன்னேன். அவ்வளவு நாளில் முடியாது என்று அவர் தலையை ஆட்டினார்.

வெளியே வந்து வாவிக் கரைக்கட்டில் உட்கார்ந்து உளுந்து வடை தின்றோம். சொந்தக்காரன் இங்கே இருந்தால்தான் எஞ்சின் மாற்றலாம். அங்கே இருந்தால்தான் எஞ்சினுக்குச் செலவு செய்யலாம். இதை நான் சொன்னபோது செல்வி சிரிக்கவில்லை.

"ஒரு கிழம வண்டி போகலன்னா தோட்டத்து ஆளுங்க வேற லொறிக்குக் குடுத்துருவாங்கப்பா. போஞ்சி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. பிறகு அந்த வீடுகளத் திரும்பப் புடிக்க ஏலாது."

"பெரிய எஞ்சின் இருந்தா ரெண்டு நடை போகலாமே. நீ ஒன்னு, நான் ஒன்னு."

"இருக்கிற எஞ்சின்ல?"

"ஒரு நடைதான்."

"ஒரு நடையில ஒரு ஆளுக்குத்தான் வேல இருக்கு." சொல்லிவிட்டு வடை சுற்றிய பேப்பரை நான்காக மடித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க வந்துருங்கப்பா. நீங்களே ஓட்டுங்க. நான் திரும்பப் புடைவக் கடைக்குப் போறேன். எடுப்பாங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. மனதாரச் சொன்னாள்.

5

பெரிய எஞ்சினின் அலுவல் முடியும்வரை பழைய எஞ்சினை ஓடக்கூடிய அளவுக்குச் செய்வோம் என்றுதான் வேலையைத் தொடங்கினோம். வேலை நடந்த நாட்களில் செல்வி வாடகை வேன் பிடித்துத் தோட்டத்து நடையை விடாமல் போனாள். அந்த வாடகை சில நாளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

பழைய வண்டியைத் திருத்த நினைக்கும் பிள்ளை உங்களில் யாராவது இருந்தால் இதைக் கவனித்து வாசியுங்கள். முதலில் எஞ்சினின் உள்ளே பார்க்க வேண்டும். நாங்கள் பிரித்தபோது பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தது, வால்வு சரியாக மூடவில்லை. ஓட்டை விழுந்த பாத்திரத்துக்குப் பெரிய அகப்பை வாங்கிய கதைதான் எனது. ரிங் மாற்றினோம். வால்வைத் தேய்த்து உட்கார வைத்தோம். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியபோது செம்மண் கரைசலாக வந்தது. தீப்பொறி கொடுக்கும் பழைய பொயின்டை எடுத்துவிட்டு, தேயாத எலக்ட்ரோனிக் சாமான் ஒன்று போட்டோம்.

கடைசியாகத்தான் காபரேட்டர்.

"பெரியதையே முன்னுக்குத் திருப்பி, நீளமான கேபிள் போடுவோமா?" என்று கேட்டார் நஸீர் நானா.

"வேணாம் நானா. ஒரு வாய் போதும். சின்ன வாயா எடுங்க."

சின்னக் குழாயால் உறிஞ்சினால் கொஞ்சம் இழுத்தாலே வாய்க்குள் வந்துவிடும். குழாய் பெருத்தால் பலமாக இழுக்க வேண்டும். சுமையோடு மெதுவாக மேடு ஏறும் வண்டி பலமாக இழுக்காது. அதற்குச் சின்ன வாய்தான் நல்லது. வேகமாக ஓட்டிக் காட்டுகிறவர்களுக்குப் பெரிய வாய். கிண்ணம் முன்பக்கம் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததை எந்த நாட்டில் பாவிக்கிறோம் என்பதுதான் தவறிப்போயிருந்தது.

"இந்த டொக்டர் அந்த டொக்டர விடக் கெட்டிக்காரர்" என்றார் நானா. "அந்தாளு போன்ல மட்டும் வருவாரு."

6

லீவு முடியும் தறுவாயில் மா மூட்டை ஏற்றிக்கொண்டு கலஹாவுக்குப் போனோம். செல்வி ஓட்டினாள். நான் பக்கத்தில். வளைவு வரும்போதெல்லாம் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் கண்டும் காணாததுபோல் ஓட்டினாள். ஹோர்ன் அடிக்க வேண்டிய இடம், கியர் குறைக்க வேண்டிய இடம், எதிரே பஸ் வந்தால் எந்த மரத்தடியில் ஒதுங்க வேண்டும் என்பது, எல்லாம் அவள் கைக்குத் தெரிந்திருந்தது. முன்பு செத்த வளைவில் எஞ்சின் குரலைத் தாழ்த்தி, மாடு தலையைக் குனிந்து இழுக்கிற மாதிரி இழுத்து ஏறியது.

மேலே கடைக்காரர் வெளியே வந்தார். "ரிவர்ஸ் அக்கா இன்னிக்கு நேரா வாறாங்களே!" என்றவர் என்னைப் பார்த்து, "இவரு யாரு? புது கிளீனரா?" என்று கேட்டார்.

"எங்கப்பா" என்றாள் செல்வி. கடைக்காரருக்குக் கூச்சமாகிவிட்டது. கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

அவள் போஞ்சி நிறுக்க லயத்துப் பக்கம் போயிருந்தபோது ஒரு டிராக்டர் வந்து வழி கேட்டது. வண்டியை ஓரமாக்க நான் ட்ரைவர் பக்கம் ஏறினேன். ஏற முடியவில்லை. சீட் நன்றாக முன்னுக்குத் தள்ளியிருந்தது. எப்படியோ நுழைந்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டன. கிளச்சை மிதிக்கக் காலைத் தூக்க முடியவில்லை. என் வண்டிக்குள் நான் சிக்கிக்கொண்டிருந்தேன். டிராக்டர்காரர் ஹோர்ன் அடித்தார். செல்வி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கு மிதி எட்டலப்பா. நானா புது ஓட்டை போட்டு முன்னுக்குப் பூட்டிக் குடுத்தாரு. நீங்க ஊரோட வந்ததும் பின்னுக்குப் பூட்டிறலாம். நாலு நட்டுத்தான்."

நாலு நட்டு. வருடக்கணக்காக நான் ஊருக்கு வர வழி தேடியது அந்த நாலு நட்டில் வந்து நின்றது. ஸ்பானர் பின்னால் பெட்டியிலேயே இருந்தது. சீட்டைப் பின்னுக்குப் பூட்டினால் எனக்குக் கால் நீட்ட இடம் வரும், அவளுக்கு மிதி எட்டாது. எனக்கு வீடு வேண்டும். சுமி வளர்வதைப் பார்க்க வேண்டும். அதை மறைத்து உங்களுக்குப் பெரிய மனிதனாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் லயத்தடியில் சாக்கோடு காத்திருந்த பெண்கள் செல்வியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதையும், அவள் தராசைப் பிடித்த பிடியையும் கடைவாசலில் இருந்து பார்த்த பிறகு, அந்தச் சீட்டை நகர்த்த என் கைக்குத் துணிவு வரவில்லை.

எப்படியோ காலை மடக்கிக் கிளச்சை மிதித்து வண்டியை ஓரமாக்கினேன். இறங்கிச் சுற்றி வந்து பக்கத்துச் சீட்டில் ஏறினேன்.

திரும்பும் வழியில், கேபிளைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு போவோம் என்று செல்வி கராஜில் நிறுத்தினாள். பொனட்டைத் திறந்து எயார் கிளீனரை அவளே கழற்றினாள். நஸீர் நானா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சின்னவன் எப்பிடி? மல ஏறினானா?"

"சோக்கா ஏறினான் நானா."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப பெரியவன எப்ப தூக்கிப் போடுற?" என்று மூலையில் சாக்குப் போர்த்திய எஞ்சினைக் காட்டினார்.

"அவன யாருக்காச்சும் குடுத்துருங்க நானா. சின்னதே இருக்கட்டும்."

"என்ன இது? அது வந்தாத்தானே நீங்க ஊரோட வாறன்டு சொன்னீங்க?"

"ஒப்பந்தத்தப் புதுப்பிக்கச் சொல்லி இப்ப வழியிலயே முதலாளிக்கு மெசேஜ் போட்டுட்டேன். போறேன்."

நானா என்னைப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்தார். உள்ளே தேத்தண்ணி சொல்லப் போனார்.

செல்வி பொனட்டுக்குள் குனிந்தபடியே நின்றாள். கேபிள் இறுக்கி முடிந்திருந்தது. எயார் கிளீனரும் அதன் இடத்தில் ஏறி, நட்டும் முறுக்கியாகிவிட்டது. அவள் அதை இன்னும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.